அப்பாவின் இடப்பக்கம்

வாசகரின் கடிதம், சுருக்கமாக: காரைக்குடிக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு சிற்றூர்க்காரர். வயது 38. கனடாவின் வான்கூவரில் கணினித் துறையில் வேலை. இருப்பது தற்காலிக வேலை அனுமதியில். ஆகஸ்டில் அலுவலக நண்பர்கள் மூவருடன் வடக்கே ஸ்கீனா ஆற்றுக்குச் சால்மன் மீன் பிடிக்கப் போனார். ஆற்றங்கரையில் மூன்று நாள் கூடாரம். செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவருடைய தூண்டிலில் ஒரு கோஹோ சால்மன் மாட்டியது. படம் எடுத்துக்கொண்டு அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். நம் ஊரில் அப்போது மறுநாள் காலை ஐந்தரை மணி. அந்த நேரத்தில்தான் அம்மா அப்பாவைக் கட்டிலுக்குக் கீழே கண்டார். பக்கவாதம். வலது கையும் காலும் செயல்படவில்லை, பேச்சும் வரவில்லை. தேவகோட்டையில் ஆசிரியையாக இருக்கும் தங்கை 41 முறை அழைத்திருக்கிறார். இவர் திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் போனைப் பார்த்தபோது முப்பது மணி நேரம் கடந்திருந்தது.

இப்போது ஆறு வார விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார். நான்கு வாரம் முடிந்துவிட்டது. தான் போனை எடுத்திருந்தால் அப்பா இன்று பேசியிருப்பார் என்று நம்புகிறார். மே மாதமே அப்பாவுக்கு ஒரு முறை வாய் கோணியதைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்பதால் தங்கையிடம் பேசுவதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "அப்பாவின் செயல்படாத கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சில நேரம் அழுகிறார். தட்டில் என் பக்கம் இருக்கும் சோற்றைக்கூடத் தொடுவதில்லை. அவர் என்னை மன்னிக்கவில்லை, டாக்டர்."

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். முதலில் ஒரு வேலை சொல்கிறேன். நாளைக் காலை அப்பாவிடம் போகும்போது கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அவருடைய இடப்பக்கம் உட்காருங்கள். அவர் கண்ணுக்கு நேராக உங்கள் முகம் தெரியட்டும். அங்கிருந்து "அப்பா" என்று கூப்பிடுங்கள்.

காரணம் இதுதான். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆள்வது மூளையின் இடது பாதி. அங்கே ரத்தக்குழாய் அடைத்தால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கிறது, பேச்சும் போகிறது. அதோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்து வருவதுண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு அது எளிதில் புலப்படுவதில்லை. இரண்டு கண்ணிலும் பார்வையின் வலது பாதி மறைந்துவிடும். கண்ணில் கோளாறு இருக்காது. கண் அனுப்பும் செய்தியை வாங்க வேண்டிய இடம் அடிபட்டிருக்கும். இப்படிப்பட்டவரின் தலையும் கண்ணும் தாமாகவே இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். வலப்பக்கம் யார் உட்கார்ந்தாலும், அது தெய்வமே ஆனாலும், அவருக்குத் தெரியாது.

செயல்படாத கையைப் பிடித்துக்கொண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது வலது கை. நான்கு வாரமாக அவருடைய பார்வை எட்டாத பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் உங்களைப் பார்க்கவில்லை என்று அழுதுகொண்டிருக்கிறீர்கள். தட்டில் உங்கள் பக்கத்துச் சோற்றைத் தொடுவதில்லை என்ற வரிதான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது. கோபக்காரர்கள் தட்டையே தள்ளிவிடுவார்கள். பாதித் தட்டை மட்டும் மிச்சம் வைப்பதில்லை. இன்று இரவே தட்டை அரை வட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். மிச்சமிருந்ததையும் சாப்பிட்டாரானால் நான் சொல்வது சரி என்று வைத்துக்கொள்ளலாம். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்வது முறையாகாது. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் பார்வைப் புலத்தைச் சோதித்துச் சொல்லுமாறு கேளுங்கள். உறுதியானால், தலையை வலப்பக்கம் திருப்பித் தேடிப் பார்க்கப் பயிற்சியாளர் பழக்குவார். அதுவரை முக்கியமான பேச்சுகள் இடப்பக்கமிருந்தே நடக்கட்டும்.

அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு அழுகையையும் சிரிப்பையும் அடக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்தாலும் அழுவார்கள். அதற்கு மருந்து உண்டு. அது ஒருபுறமிருக்க, பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. சாப்பாடும் தூக்கமும் குறைந்து, பயிற்சிக்கும் ஒத்துழைக்காமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டில் எதுவானாலும் அந்தக் கண்ணீரை உங்கள் மேல் எழுதிய தீர்ப்பாக வாசிக்காதீர்கள்.

அந்த ஐந்தரை மணி

அடைப்பினால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நீங்கள் இதை இணையத்தில் படித்துவிட்டு, ஐந்தரையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கடிகாரம் அங்கே தொடங்குவதில்லை. நோயாளி கடைசியாக நலமாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. அப்பா படுக்கப் போனது இரவு பத்து மணி என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கரை மணி நேரம் அதிகாலை இரண்டரைக்கே முடிந்துவிட்டது. அப்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்கீனா ஆற்றில் முந்தின நாள் பிற்பகல் இரண்டு மணி. உங்கள் தூண்டிலில் அந்த மீன் இன்னும் மாட்டவில்லை.

தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துச் சிலருக்கு ஊசி போடுகிறார்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும்கூடக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய அறிக்கையின்படி மதுரையில் இரண்டையும் யோசித்து, பொருந்தாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியை அங்கே கேட்டுவிட்டார்கள்.

உங்கள் தங்கை ஆறே காலுக்குள் அவரைக் காரைக்குடியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்து, சி.டி. ஸ்கேன் எடுக்கவைத்து, ஆம்புலன்ஸில் மதுரைக்குப் போயிருக்கிறார். ரத்தக்கசிவா அடைப்பா என்று தெரியாமல் எந்த மருத்துவரும் கை வைக்க முடியாது. அதைச் சொல்வது அந்த ஸ்கேன்தான். நேராக மதுரைக்கே போயிருந்தால் சிறிது நேரம் மிச்சமாகியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் மணியிலேயே நீங்கள் போனை எடுத்திருந்தாலும் இதைவிட அதிகமாக என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்தக் காலையில் செய்ய வேண்டியதைச் செய்ய அங்கே ஓர் ஆள் இருந்தார். அவரிடம்தான் நீங்கள் பேசுவதில்லை.

மே மாதம் மறைத்தது

இங்கே உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பத்து நிமிடம் வாய் கோணி, சொல் குழறி, தானாகவே சரியாகிவிட்டது என்றால் அது முன்னறிவிப்பு. அடுத்த சில நாட்களில் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். சரியாகிவிட்டது என்று வீட்டில் இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அம்மா அதைக் காற்றுப் பட்டது என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பா ரத்த அழுத்த மாத்திரையை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். நழுவிப்போன வாய்ப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது மே மாதத்தில் போனது. அதை நழுவவிட்டது அறியாமை. அந்த அறியாமை இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நான் இதை அச்சில் எழுதுவதே அதற்காகத்தான். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் 108. கஷாயம் வேண்டாம், மறுநாள் பார்ப்போம் என்பதும் வேண்டாம்.

ஆனால் மறைத்தது யார்? "அவனுக்குச் சொல்லாதே, வேலை கெட்டுவிடும்" என்று சொன்னவர் அப்பா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன் உடம்பைப் பற்றிய செய்தியை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. தங்கை அதற்குக் கட்டுப்பட்டார். அதே தங்கைதான் 41 முறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவுக் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் எண்ணை அழுத்திய அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கும் அன்றே தேவகோட்டைக்கு பஸ் ஏறுங்கள். போனில் பேச வேண்டாம், நேரில் போங்கள்.

இந்த மண்ணுக்குத் தொலைதூரச் செய்தி புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர்கள் இவை. என் பாட்டியின் அண்ணன் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அப்பா இறந்த செய்தி கடிதமாகப் போய்ச் சேர்வதற்குள் இங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. அங்கே ஆற்றில் தலைமுழுகிவிட்டு மறுநாள் கணக்குப் புத்தகத்தை எடுத்தாராம். அவரை யாரும் குறை சொல்லவில்லை. நடுவில் கடல் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது கையில் போன் இருப்பதால் கடல் வற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். மூன்று நாள் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போவதே குற்றமாகிவிடுகிறது. அது குற்றமில்லை, தம்பி.

இனிமேலுக்கு நீங்களும் அம்மாவும் தங்கையும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் அன்றைக்கே உங்களுக்குச் செய்தி வர வேண்டும். நீங்கள் காட்டுப்பக்கம் போனால் எந்த இடம், எப்போது திரும்புவீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கைக்கருவிகள் உங்கள் ஊரில் கிடைக்கின்றன. அடுத்த முறை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்த மீன்

"பிறந்த ஆற்றைத் தேடிக் கடலிலிருந்து நீந்தி வருகிற மீனுக்கு இருக்கும் நன்றி எனக்கு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை வேறு, தாய்வீடு தேடிப் போகிற மீனை மறித்த பாவம் என்று சொல்லிவிட்டார். இந்த ஒப்புமை உங்களை உள்ளுக்குள் அரிக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றின் நீர்மணத்தை அடையாளம் கண்டு திரும்புகிறது. நன்னீரில் நுழைந்தபின் இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவிட்டே மேலேறுகிறது. முட்டையிட்டபின் செத்துப்போகிறது. கோஹோவும் அப்படித்தான். ஆனால் அந்த மீன் யாரைப் பார்க்கத் திரும்புகிறது? இலையுதிர்காலத்தில் இட்ட முட்டை கூழாங்கற்களுக்கு அடியில் குளிர்காலமெல்லாம் கிடந்து, குஞ்சு வெளியே நீந்தி வரும்போது வசந்தம். தாயும் தகப்பனும் அதற்குப் பல மாதம் முன்பே இறந்திருப்பார்கள். எந்தச் சால்மனும் தன் பெற்றோரைக் கண்டதில்லை. நோயுற்ற தகப்பனுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்ததும் இல்லை. நீங்கள் இரண்டு விமானம் மாறி வந்து நான்கு வாரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைவிட அந்த மீனுக்குப் பாசம் அதிகம் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

அத்தையின் சொல்லுக்காக அம்மா காலா மீன் வாங்குவதையும் நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். கடையில் அதை இந்தியன் சால்மன் என்று விற்பது வியாபாரப் பெயர். காலா வேறு இனம், இரண்டுக்கும் உறவில்லை. அம்மாவை வழக்கம்போல வாங்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் பழையபடி நடக்கிற காரியம் ஒன்றாவது இருக்கட்டும்.

வேலையை விடுவதா

இப்போது விடாதீர்கள். தூக்கமில்லாமல், குற்ற உணர்வோடு எடுக்கும் முடிவு இது. ஆறு மாதம் கழித்துத் தெளிந்த மனதோடு ஊரோடு இருக்கலாம் என்று தோன்றினால் அப்போது வாருங்கள். நல்ல முடிவாகவே இருக்கும். இன்று வேலையை விட்டால் வேலை அனுமதியும் ஆட்டம் காணும். சிகிச்சைக்கு இனிதான் பணம் வேண்டும்.

ஆனால் விடுப்பை நீட்டப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பேச்சு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்லத் திரும்பும். கனடாவின் வேலைக் காப்பீட்டில், உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் வயது வந்த குடும்பத்தாரைக் கவனித்துக்கொள்ள 15 வாரம் வரை உதவித்தொகை உண்டு. மருத்துவச் சான்று கேட்பார்கள். உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று நிறுவனத்திலும் உரிய அலுவலகத்திலும் முதலில் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகவில்லையா என்றும் பாருங்கள். வேலை அனுமதி கையில் இருந்தாலும் செல்லுபடியாகும் விசா இல்லாமல் திரும்ப முடியாது.

திரும்பிப் போனபின் பணம் மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு எட்டு மணி என்றால் இப்போதைய கணக்கில் இங்கே காலை எட்டரை. அந்த அரை மணி நேரப் பேச்சுப் பயிற்சியை வீடியோவில் நீங்கள் நடத்துங்கள். அன்றைய ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்வதும், மாத்திரை உள்ளே போயிற்றா என்று கேட்பதும் உங்கள் பொறுப்பாகட்டும். அம்மாவுக்கு அந்த நேரமாவது ஓய்வு கிடைக்கும்.

பெரியப்பா அவசரமாகப் பவர் எழுதி அப்பாவின் கைரேகையை வாங்கச் சொல்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். செய்ய வேண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொண்டு சம்மதிக்க முடிந்தவர்தான் பவர் கொடுக்க முடியும். இல்லையென்றால் நாளை அதுவே வழக்காகும். வங்கியில் அவருடைய பணத்தை எடுப்பதற்கு, கையெழுத்திட முடியாத நோயாளி சாட்சிகள் முன்னிலையில் ரேகை வைக்க வழிமுறை இருக்கிறது; கிளையில் கேளுங்கள். நிலத்துக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் விழிப்பு, தூண்டில் நரம்பு ஓடும் சத்தம் காதில் கேட்பது, போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது, இவை அதிர்ச்சிக்குப் பின் பலருக்கும் வருபவை, பெரும்பாலும் தணிந்துவிடும். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காமல் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைசியாக, அந்தப் படம். அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை என்கிறீர்கள். கிளம்புவதற்கு முன் போனில் அப்பாவிடம் பேசியபோது அவர் சிரித்துக்கொண்டே, "ஊத்தா எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கண்மாய் வற்றும் கோடையில், ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாளில், உங்களைத் தோளில் வைத்துக்கொண்டு விராலை ஊத்தாக் கூடை போட்டு அமுக்கியவர் அவர். நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்பது அவருக்குத் தெரியும். மீன் கிடைத்ததா என்பதுதான் இன்னும் தெரியாது.

பேச்சு போனவர்களில் பலருக்குக் கேட்பது ஓரளவு புரியும்; படத்தைக் காட்டினால் இன்னும் நன்றாகப் புரியும். இடப்பக்கம் உட்கார்ந்து, போனை அவர் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அந்தக் கோஹோவைக் காட்டுங்கள். ஆம், இல்லை என்று தலையசைத்தே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: "நம் கண்மாய் விரால் இதைவிடப் பெரிதா?" கேட்டதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர அவருக்கு நேரம் வேண்டும். வாய்க்குள் பத்து வரை எண்ணுங்கள். டி.வி. அணைந்திருக்கட்டும். தங்கையும் அப்போது அறையில் இருந்தால் நல்லது.